ராஜாஜி சாலையிலிருந்து கடல் எங்கே போனது?

சென்னை பாரிமுனையில் இறங்கி பீச் ஸ்டேஷன் பக்கம் நடந்தால், சாலையின் மேற்கு வரிசையில் உள்ள பழைய கட்டடங்கள் எல்லாமே கிழக்கு பார்த்து நிற்பது தெரியும். தலைமைத் தபால் நிலையம், ஸ்டேட் வங்கி, இடையிடையே பெயர்ப்பலகை மாறிப்போன பழைய வணிக நிறுவனங்கள் என்று எல்லாவற்றுக்கும் அகலமான முகப்பும் உயரமான சன்னல்களும் உண்டு. கடற்காற்று உள்ளே வரட்டும், நங்கூரம் போட்ட கப்பல்கள் மாடியிலிருந்து தெரியட்டும் என்று நினைத்துக் கட்டியவை இவை. இன்று எதிரே இருப்பது ரயில் நிலையம். அதற்குப் பின்னால் துறைமுக மதிலும் கண்டெய்னர் அடுக்குகளும். கடல் எங்கும் கண்ணில் படுவதில்லை. ராஜாஜி சாலை என்று நாம் அழைக்கும் இந்தத் தெருவின் முந்தைய பெயர் ஃபர்ஸ்ட் லைன் பீச். அதாவது கடலைப் பார்த்த முதல் வரிசை.

இந்தப் பகுதியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கட்டடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். கட்டியவர் யார், எந்த ஆண்டு, எந்தப் பாணி என்று. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் இந்தக் கரையின் பெரிய கதை கடலுக்குள் இருக்கிறது. 1876-ல் தொடங்கிய ஒரு கல்சுவர் கடலை இங்கிருந்து தள்ளியது, தெற்கே மெரினாவை அகலமாக்கியது, வடக்கே ராயபுரத்தின் கரையைத் தின்றது. மூன்றும் ஒரே கதைதான். அதைச் சேர்த்துப் படிக்காமல் மெரினாவை மட்டும் கொண்டாடுவது வடசென்னைக்குச் செய்யும் அநியாயம் என்பது என் எண்ணம்.

முதலில், சுவர் வருவதற்கு முன்பு இந்தக் கரை எப்படி இருந்தது என்று பார்க்கலாம்.

1639-ல் தாமர்லா நாயக்கர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்த மணல் துண்டை வாங்கியபோது இங்கே துறைமுகம் என்று எதுவும் கிடையாது. இயற்கையான வளைகுடா இல்லை, ஆழமான ஆற்று முகமும் இல்லை. பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. ஒரு மைல், இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே அடுக்கடுக்காக எழுந்து விழும் அலை. ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் அடிபட்டு உடைந்துபோகும். எனவே கம்பெனியின் வணிகம் முழுவதும், கவர்னர் முதல் துணி மூட்டை வரை, உள்ளூர்ப் படகுக்காரர்களின் கையில் இருந்தது.

அவர்களிடம் இரண்டு வகைக் கலங்கள் இருந்தன. ஒன்று மசூலா படகு. பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கிக் கரையில் போடும்போது படகு நெளிந்து கொடுக்கும், பிளக்காது. ஆணி அடித்த படகு அந்த இடத்தில் பிளந்துவிடும். மற்றொன்று கட்டுமரம். மசூலா கூடப் போக முடியாத கொந்தளிப்பிலும் கட்டுமரக்காரர் போவார். கப்பலுக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தைத் தலையில் இருக்கும் கூம்புத் தொப்பிக்குள் செருகிக்கொள்வார். அலை அவரை மரத்திலிருந்து தூக்கி எறிந்தாலும் நீந்திப் போய் ஏறிக்கொள்வார், கடிதம் நனையாமல் கப்பலுக்குப் போய்ச் சேரும். படகு கவிழும்போது பயணிகளைக் காப்பாற்ற மசூலாக்களுக்குத் துணையாகக் கட்டுமரங்கள் கூடவே போனதையும் அந்தக் காலப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நகரத்தின் துறைமுகம் இவர்கள்தான். ராஜாஜி சாலையில் வங்கிக்கும் தபாலுக்கும் நீதிமன்றத்துக்கும் கட்டடம் இருக்கிறது, இவர்களை நினைவுபடுத்த ஒரு கல்கூட இல்லை. ராயபுரத்தில் புனித பேதுரு தேவாலயம் இருக்கிறது. படகுக்காரச் சமூகம் தன் சொந்தப் பணத்தில் 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டிக்கொண்டது அது.

இந்தக் கரையின் இன்னொரு ஆபத்து புயல். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். அடுத்த மாதமே, அக்டோபரில் அடித்த புயல் அவருடைய கப்பல்களைச் சிதறடித்தது. ஒதுங்க இடமில்லாத இந்தத் திறந்த கடலில் ஆண்டுதோறும் இந்த அச்சம் இருந்தது. அதனால் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை கப்பல்கள் இங்கே நிற்கக் கூடாது என்று கோட்டைக் கொடியை இறக்கிவிடும் வழக்கம் வந்தது. வடகிழக்குப் பருவமழையின் நடு மாதங்களில் மதராஸ் கரை வெறிச்சோடிவிடும்.

பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1749-ல் கோட்டை திரும்பக் கிடைத்த பிறகு, கம்பெனி பாதுகாப்பைப் பற்றிக் கடுமையாக யோசிக்க ஆரம்பித்தது. கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே தமிழரும் தெலுங்கரும் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் இருந்தது. எதிரி அங்கே மறைந்து நின்று சுடலாம் என்பதால் அதை இடித்து வெளியாக்கினார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடம் அதுதான். அங்கிருந்த மக்கள் வடக்கே தள்ளிப்போக, புதிதாக எழுந்த நகரம் பின்னாளில் ஜார்ஜ் டவுன் ஆனது. காலியாக்கிய திடலில் மறுபடி யாரும் வீடு கட்டிவிடக் கூடாது என்று 1773-ல் ஆறு எல்லைத் தூண்களை நட்டார்கள். அவற்றில் ஒன்று இன்னும் பாரிமுனையில், டேர் ஹவுஸ் வளாகத்தில் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகும் இடம். ஒரு நகரத்தை இடித்து இன்னொரு நகரத்தை உண்டாக்கிய ஆணையின் மிச்சம் அந்தக் கல் என்று அறிந்தவர்கள் குறைவு.

டேர் ஹவுஸ் இருக்கும் மூலையை வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த தாமஸ் பாரி 1803-ல் வாங்கினார். பாரிமுனை என்ற பெயருக்கு அவரே காரணம். அன்று கட்டடத்தின் கிழக்குப் பக்கம் சற்றுத் தூரத்திலேயே கடல். இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1940-ல் முடிந்தது, அப்போது அது நகரத்தின் உயரமான கட்டடங்களில் ஒன்று. ஆனால் 1940-ல் அந்த மாடியிலிருந்து தெரிந்தது அலை அல்ல, துறைமுகம். பாரிக்கும் டேர் ஹவுஸுக்கும் இடைப்பட்ட அந்த 137 ஆண்டுகளுக்குள்தான் எல்லாம் மாறியது.

மாற்றம் ஒரு இரும்புப் பாலத்தில் தொடங்கியது. அலையைத் தாண்டிய இடத்திலேயே சரக்கு இறக்கலாம் என்று 1,100 அடி நீளத்துக்குக் கடலுக்குள் ஒரு இறங்குபாலம் கட்டி 1861-ல் முடித்தார்கள். இரும்புத் தூண்களின் மேல் நின்ற பாலம் அது. அடியில் நீரும் மணலும் தடையில்லாமல் ஓடின. ஆனால் அது புயலைத் தாங்கவில்லை. கப்பல்கள் மோதி உடைந்தது. பிறகுதான் கடலுக்குள் கற்சுவர் எழுப்பி, நடுவே அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்கும் யோசனை வலுப்பெற்றது. வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளர் திட்டம் போட்டார். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கரையிலிருந்து இரண்டு கைகள் கடலுக்குள் நீண்டு, முனையில் ஒன்றையொன்று நோக்கி மடங்கி, நடுவே கிழக்கு பார்த்த வாசல். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12-ம் தேதி அடித்த புயல் சுவர்களின் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டது. மறுபடி கட்டி முடிக்க 1890-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

புயலைவிடப் பெரிய பிரச்சினை மணல். சோழமண்டலக் கரையில் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வரும் அலை கரையைச் சாய்வாக அடித்து மணலை வடக்கே நகர்த்தும். வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று வீசும் சில மாதங்கள் மட்டும் அது தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது. நாம் கடற்கரை என்று சொல்வது இந்த ஓட்டத்தில் ஒரு கணக்குதான். வருகிற மணலும் போகிற மணலும் சமமாக இருக்கும்வரை கரை அப்படியே இருப்பதுபோலத் தெரியும். குறுக்கே கற்சுவர் வந்தால் கணக்கு உடைகிறது. சுவரின் தெற்கே மணல் வந்து முட்டிக் குவிகிறது. வடக்கே போக வேண்டிய மணல் போவதில்லை, ஆனால் அங்கே அலை தன் வேலையை நிறுத்துவதில்லை. இருந்த மணலை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறது.

துறைமுகத்துக்கே இதனால் ஆபத்து வந்தது. தெற்குச் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்த மணல் கிழக்கு வாசலில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. 1904-ல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலை மூடிவிட்டு, வடகிழக்கில் புது வாசல் திறந்து, அதற்குக் காப்பாக மேலும் ஒரு சுவரை நீட்டினார். சென்னைத் துறைமுகம் பிழைத்தது அவரால்தான். அவர் தலைவராக இருந்த போர்ட் டிரஸ்ட் அலுவலகத்தில்தான் 1912-ல் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். தலைமைக் கணக்காளராக இருந்த நாராயண ஐயரும் ஸ்பிரிங்கும் ஆதரித்ததால் அவருடைய கணிதம் கேம்பிரிட்ஜ் வரை போனது. ஜார்ஜ் டவுனின் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்து இந்தக் கரையில் வேலை பார்த்தார் அவர். ராஜாஜி சாலையில் நடக்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ளத் தக்க செய்தி.

துறைமுகம் உறுதியான அதே காலத்தில்தான் இந்தச் சாலையின் பெரிய கட்டடங்களும் எழுந்தன. ராபர்ட் சிஸோம் வடிவமைத்த தலைமைத் தபால் நிலையம் 1884-ல் திறந்தது. உயர் நீதிமன்றக் கட்டடம் 1892-ல். மதராஸ் வங்கிக்காக எழுந்து இன்று ஸ்டேட் வங்கியாக இருக்கும் செங்கல் கட்டடம் 1890-களின் இறுதியில். நீதிமன்றம், வங்கி இரண்டையும் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி. வரைந்தவர்களின் பெயரைச் சொல்லும் அளவுக்கு அவர் பெயரையும் சொல்ல வேண்டும். செங்கல்லில் இவ்வளவு நுணுக்கமான வேலைப்பாட்டைச் செய்து கொடுத்த கொத்தர்கள் அவரிடம் வேலை பார்த்தவர்கள்.

இழந்ததும் உண்டு. 1793-ல் கட்டப்பட்ட பெண்டிங்க் மாளிகை தபால் நிலையத்துக்குக் கொஞ்சம் வடக்கே இருந்தது. வணிகர்களுக்காக எழுந்து, 19-ம் நூற்றாண்டில் அன்றைய மதராஸ் உச்ச நீதிமன்றம் நடந்த இடமாகி, பிறகு கலெக்டர் அலுவலகமாக இருந்தது. 1990-களில் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இருக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கு சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். பெயர் பொருத்தமானதுதான். மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தியபோது, ஒன்றைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் மற்றதை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையிலும் நடத்தினார். 1923-ல் அங்கே கூட்டம் போடும் அளவுக்குக் கரை இருந்திருக்கிறது. ஆனாலும் பெண்டிங்க் மாளிகையை இடித்ததற்கு அந்தப் பெயர் ஈடாகாது. இருநூறு ஆண்டுகள் நின்ற கட்டடம் அது.

கடல் எப்படித் தள்ளிப்போனது என்பதைக் கலங்கரை விளக்கங்களை வைத்தும் பார்க்கலாம். முதல் விளக்கு 1796-ல் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் எரிந்தது. எண்ணெய் தேங்காய் எண்ணெய். இரண்டாவது 1844-ல் எழுந்த 125 அடிக் கருங்கல் தூண். அது இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில், வக்கீல்களின் வாகனங்களுக்கு நடுவே நிற்கிறது. மூன்றாவது, நீதிமன்றத்தின் உயர்ந்த கோபுரத்திலேயே 1894 முதல் எரிந்தது. ஒரு நீதிமன்றத்தின் உச்சி கப்பல்களுக்கு வழிகாட்டியது என்பதே அது எவ்வளவு கடலோரக் கட்டடம் என்று சொல்லும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் இந்தக் கரையை நெருங்கி வந்து குண்டு வீசியபோது துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. நீதிமன்ற மதிலில் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். 1977-ல் விளக்கு மெரினாவின் தென்கோடிக்குப் போனது.

மெரினாவுக்கு வருவோம். துறைமுகத்துக்கு முன்பு சேப்பாக்கத்துக்கும் கடலுக்கும் இடையே இவ்வளவு மணல் கிடையாது. ஐஸ் ஹவுஸ் என்று பெரியவர்கள் சொல்லும் விவேகானந்தர் இல்லத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்க 1842-ல் கட்டிய கிடங்கு. ஐஸ் கரைவதற்குள் கப்பலிலிருந்து இறக்கி உள்ளே சேர்க்க வேண்டும் என்றால், கிடங்கைக் கடலை ஒட்டித்தானே கட்டுவார்கள்? இன்று அதன் வாசலில் நின்றால் சாலை, பிறகு மணல், மணல், மணல். அலைச்சத்தம் கேட்கப் பல நிமிடம் நடக்க வேண்டும். தெற்குச் சுவரில் முட்டிக் குவியத் தொடங்கிய மணலைப் பார்த்துத்தான் கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் அங்கே உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். சுதந்திரப் போராட்டக் கூட்டங்கள், கட்சி மாநாடுகள், 2017-ன் ஜல்லிக்கட்டுப் போராட்டம் எல்லாம் அந்த மணலில் நடந்தன. அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் நினைவிடங்கள் இருக்கும் மணலின் பெரும்பகுதியும் துறைமுகச் சுவர் சேர்த்துக் கொடுத்ததே. தமிழ்நாட்டு அரசியலின் மைதானத்தை ஒரு பொறியியல் விளைவு உண்டாக்கியது. அதே மணல்தான் கூவத்தின் முகத்துவாரத்தையும் அடைக்கிறது. ஆற்று நீர் கடலில் கலக்காமல் தேங்குவதற்குச் சாக்கடை மட்டுமே காரணம் அல்ல, இந்த மணல் திட்டும் ஒரு காரணம். அள்ள அள்ள மறுபடி சேர்கிறது.

இப்போது வடக்கே போங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. தூண்கள் நிற்கும் அந்த நிலையக் கட்டடம் இன்னும் இருக்கிறது. அதைத் தாண்டிக் கடல் பக்கம் போனால், கரை என்று எதிர்பார்க்கும் இடத்தில் கருங்கல் குவியல். லாரி லாரியாகக் கொட்டிய பாறைகள். வலை காயப்போடவும், படகு இழுத்துப் போடவும், கருவாடு உலர்த்தவும், பிள்ளைகள் பந்து ஆடவும் இருந்த மணல் நூற்றுக்கணக்கான மீட்டர் அகலத்துக்குக் கடலில் போய்விட்டது. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை வீடுகளும் தெருக்களும் போயின. எண்ணூர் நெடுஞ்சாலையைக் கடல் கடித்தது. அரசு தூண்டில் வளைவுகள் போட்டது, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் சிறு கற்சுவர்கள். அவை போட்ட இடத்தில் கொஞ்சம் மணல் தங்கும், அதற்கு அடுத்த வடக்குக் குப்பத்தில் அரிப்பு கூடும். துறைமுகச் சுவர் செய்ததையே சின்ன அளவில் ஒவ்வொரு வளைவும் செய்கிறது.

வடசென்னைக்காரர்கள் சுமந்தது மணல் இழப்பு மட்டுமா? நிலக்கரித் தூளும், இரும்புத்தாதுத் தூளும் பல பத்தாண்டுகள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் படிந்தன. 2011-ல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்தச் சரக்குகள் எண்ணூருக்கு மாறின. துறைமுகத்தை எதிர் சாலையில் இருந்து பார்க்கும் அதே நீதிமன்றம்.

நான் துறைமுகம் வந்திருக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. இந்த நகரம் இந்த அளவுக்கு வளர்ந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். 1960-களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு ஒன்றுமில்லாமல் வந்தவர்கள் இறங்கியதும் இந்தத் துறைமுகத்தில்தான். அவர்களுக்காகச் சாலையோரம் உருவான பர்மா பஜார் இன்னும் நடக்கிறது. சாயங்காலமானால் இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம் அத்தோ கடைகள் திறக்கும். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். ரங்கூனுக்கும் மதராஸுக்கும் கப்பல் ஓடிய காலத்திலிருந்து மிஞ்சியிருப்பவற்றில் இதுவும் ஒன்று. துறைமுகம் கொடுத்ததைச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் கொடுத்தது ஒரு பக்கம், எடுத்தது மறு பக்கம் என்று ஊர் பிரிந்துவிட்டது. மணல் சேர்ந்த தெற்கே உலாவும் சாலை, சிலைகள், நினைவிடங்கள், ஆண்டுதோறும் அழகுபடுத்தும் திட்டங்கள். மணல் போன வடக்கே கற்குவியல். தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டும் முறை உலகில் சில துறைமுகங்களில் வழக்கமாகவே நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில் ஆற்று வாய்க்குத் தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியாக வடக்குக்கு அனுப்புகிறார்கள். சென்னைக் கரையில் அப்படி நிரந்தரமான ஏற்பாடு இருந்திருந்தால் ராயபுரம் இந்த நிலைக்கு வந்திருக்காது.

கடல் கேட்கும் கணக்கு துறைமுகத்துக்குத் துறைமுகம் வடக்கே நகர்ந்துகொண்டே போகிறது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது, அதற்கும் வடக்கே 2010-களில் காட்டுப்பள்ளி. அதற்கு அப்பால் இருப்பது பழவேற்காடு ஏரி. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு மெல்லிய மணல் திட்டு, அதன் மேல் மீனவக் கிராமங்கள். காட்டுப்பள்ளியை விரிவாக்கும் திட்டத்தை அந்த மீனவர்கள் எதிர்க்கும்போது சொல்லும் காரணங்களில் முக்கியமானது இந்த மணல்தான். வடக்கே வர வேண்டிய மணலை இன்னொரு சுவர் மறித்தால் திட்டு உடையும், கடல் ஏரிக்குள் புகும் என்கிறார்கள். ராயபுரத்தில் என்ன நடந்தது என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.